வரையாடும் சோலைப் புல்வெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகை, கொடைக்கானல், வால்பாறை, மூணாறு என்று மலையேறிப் போகிறவர்கள் வரையாட்டையும் அதன் புல்வெளியையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சில கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். புல்வெளி பற்றிய கேள்விகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வரையாட்டைக் காப்பது என்ற பேச்சே கடைசியில் புல்லில்தான் வந்து நிற்கிறது என்பதால் அங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

வரையாடு எங்கெல்லாம் வாழ்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழவில்லை. நீலகிரியில் முக்குருத்தி, ஆனைமலையில் புல்மலை, மூணாறுக்கு மேலே இரவிகுளம் ஆகியவை அதன் பெரிய வாழிடங்கள். தெற்கே மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள், அகத்தியமலை வரை சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் அதுவே.

புல்லும் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது வாழும். மேய்வதற்குப் புல்வெளி, செந்நாயோ சிறுத்தையோ புலியோ வந்தால் ஓடி ஒதுங்க, இரவில் படுக்க, குட்டி ஈன, செங்குத்தான பாறை. வெறும் பாறையும் போதாது, வெறும் புல்லும் போதாது. வளர்ந்த கிடா 80 முதல் 100 கிலோ வரை எடை இருக்கும். வயதாக ஆக உடல் கருத்து, முதுகின் நடுவில் வெளிர்நிறத் திட்டு விழும். பெட்டை பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும்.

இமயமலையிலும் இதே ஆடு இருக்கிறதாமே?

பெயரிலும் தோற்றத்திலும் ஒத்த விலங்கு ஒன்று அங்கே இருக்கிறது. அதனால் இரண்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் வெளியான மரபணு ஆய்வு, நம் வரையாடு செம்மறிக்குத்தான் நெருங்கிய உறவு என்று காட்டியது. அதற்கென்று தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. அந்தப் பேரினத்தில் இருக்கும் ஒரே இனம் இதுதான். இது போனால் ஒரு கிளையே போய்விடும்.

இப்போது எத்தனை இருக்கின்றன?

2024 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு வனத்துறை நடத்திய ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031. 2025-இல் கேரளத்தோடு சேர்ந்து எடுத்த கணக்கில் தமிழ்நாட்டுப் பகுதியில் 1,303. இரு மாநிலத்துக்குமாக 2,668. ஒரே ஆண்டில் இருநூறுக்கு மேல் கூடியிருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் போய் எண்ணினார்கள். எனவே இந்த எண்ணிக்கை உயர்வு முழுவதையும் பிறப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு, மொத்தத் தொகையைவிட அது எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. பத்து இருபது ஆடுகள் கொண்ட கூட்டம் ஒரு மலையில் தனியாக நின்றுவிட்டால், அடுத்த மலைக்குப் போக வழியில்லாமல் உறவுக்குள்ளேயே இனம் பெருகும். ஒரு நோய் வந்தால் அந்த மலையே காலியாகிவிடும்.

வேட்டை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டதே. இன்னும் என்ன ஆபத்து?

வேட்டை ஒரு காலத்தில் பேராபத்தாக இருந்தது உண்மை. ஆங்கிலேயர் துப்பாக்கியோடு மலையேறிய சில பத்தாண்டுகளில் நீலகிரியில் வரையாடு மிகவும் அருகிப் போய், 1879-இலேயே வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட வேண்டி வந்தது. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இருக்கிறது. கள்ள வேட்டை முற்றிலும் ஒழியவில்லை என்றாலும் முன்பிருந்த அளவுக்கு இல்லை.

இன்றைய ஆபத்து சத்தமில்லாமல் நடக்கிறது: மேயும் இடம் சுருங்குகிறது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே காலத்தில் அங்கே நடப்பட்ட மரத்தோப்புகளின் பரப்பு பன்னிரண்டு மடங்கு ஆகியிருந்தது. புல்வெளி மரத்தோப்பாக மாறியபோது யாரும் அதை அழிவு என்று சொல்லவில்லை. பச்சையாகத்தானே இருக்கிறது!

புல்வெளி என்பது காடு அழிந்த இடம்தானே? அங்கே மரம் வளர்த்தால் நல்லதுதானே?

இல்லை. இந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறோம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700, 1,800 மீட்டருக்கு மேலே போனால் இந்த மலைகளில் நிலம் இரண்டு விதமாகப் பிரிந்து நிற்கும். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த சோலைக்காடு. அதைச் சுற்றி முகடுகளிலும் சரிவுகளிலும் திறந்த புல்வெளி. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்ததுபோல எல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனியில் திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகள் கருகிவிடும். புல் தாங்கிக்கொள்ளும். காற்றும், மேலோட்டமான மண்ணும், அவ்வப்போது வரும் தீயும் இதில் பங்கு வகிக்கின்றன.

நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி ஆராய்ந்ததில், குறைந்தது 20,000 ஆண்டுகளாக இங்கே புல்வெளி இருந்து வருவது தெரிந்தது. உழவும் கோடரியும் மலையேறுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு அது. மனிதன் காட்டை வெட்டியதால் உண்டான வெட்டவெளி என்ற எண்ணம் இந்தச் சான்றுக்கு முன்னால் நிற்காது.

இந்தப் புல்லை நம்பி வரையாடு மட்டும் இல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை இந்த உயரத்துப் புல்வெளியை விட்டு வேறெங்கும் வாழாது. தரையில் பூக்கும் சிறிய ஆர்க்கிடுகள், குறிஞ்சியின் பல வகைகள், ஈரப் பள்ளங்களில் வாழும் தவளைகள் என்று பட்டியல் நீளும். அங்கே மரத்தை நட்டால் இவை அத்தனைக்கும் வெயில் மறைந்துவிடும்.

பிறகு அங்கே இவ்வளவு மரம் எப்படி வந்தது?

கோவை ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்த பிறகு குடியேற்றம் பெருகியது. விறகுத் தேவை ஏறியது. சோலையை வெட்டி மாளாமல், ஆஸ்திரேலியாவிலிருந்து விரைவாக வளரும் மரங்களைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் கற்பூர மரம், தைல மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும், வாட்டில் எனப்படும் சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வந்துவிட்டன. வரி வராத புல்வெளி அன்றைய அரசின் ஏடுகளில் தரிசு.

பழியை வெள்ளைக்காரன்மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பெரிய பரப்பில் நட்டது விடுதலைக்குப் பிறகுதான். தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கைப் பட்டுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் என்று திட்டம் போட்டு 1950-களிலிருந்து புல்வெளிச் சரிவுகளை மரத்தோப்புகளாக்கினோம். தேயிலைத் தோட்டம், அணைகள், காய்கறிச் சாகுபடி ஆகியவை எடுத்துக்கொண்டது தனி. தோப்பு போடுவதை நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை. நட்ட எல்லையைத் தாண்டித் தானாகவே பரவியது, இன்றும் பரவுகிறது. பைன் மரமும் ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப் புதரும் அதே வேலையைச் செய்கின்றன.

மரம் இருந்தால் தண்ணீர் பெருகும் என்றுதானே படித்திருக்கிறோம்?

எல்லா மரத்துக்கும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் உதகை மையம் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் அளந்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் 59 விழுக்காடு பரப்பில் யூகலிப்டஸ் நட்டார்கள். மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வெளியேறும் நீர் முதல் சுற்றில் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு.

பைக்காரா ஆறு முக்குருத்திப் பக்கம் பிறக்கிறது. பவானியின் தலைமடையும் அதே உயர் மலையில்தான். சமவெளியில் பாசனமும் குடிநீரும் எதிர்பார்த்து இருக்கிற ஈரோடு, கோவை மாவட்டத்து மக்களுக்கு இந்தப் புல்வெளி தொலைதூரச் செய்தியல்ல.

சரி, சீகையை வெட்டிவிட்டால் புல் வந்துவிடுமா?

வராது. பல இடங்களில் வெட்டியது நிலைமையை மோசமாக்கியிருக்கிறது.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டியதும் தரையில் வெயில் படும், மண் கிளறப்படும், பக்கத்தில் தீ மூட்டியிருந்தால் அந்தச் சூட்டிலேயே விதையின் கடினத் தோல் வெடிக்கும். அடுத்த மழைக்கு, ஒரு மரம் நின்ற இடத்தில் கால் வைக்க இடமில்லாமல் நூற்றுக்கணக்கான நாற்றுகள் எழும்பி நிற்கும். வெட்டிய அடியும் வேரும் வேறு துளிர்க்கும். வெட்டும் ஒப்பந்தம் முடிந்து லாரி போய்விட்ட பிறகு அந்தச் சரிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், ஐந்தாறு ஆண்டில் முன்பைவிட அடர்ந்த சீகைக்காடு கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் மண்ணில் இருக்கிறது. சீகை அவரைக் குடும்பத்து மரம். வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தை ஏற்றிவிடும். மலைப்புல் சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகியது. உரம் ஏறிய மண்ணில் அதைவிட வேகமாகக் களைகளும், வெளிநாட்டுக் கிக்குயூ புல்லும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் எப்படித்தான் மீட்பது?

முதலில், இன்னும் கெடாமல் இருக்கும் புல்வெளியைக் காப்பது. இதுதான் மிக மலிவான, மிகப் பயன் தரும் வேலை. ஆனால் படம் பிடித்துப் போட அதில் ஒன்றுமில்லை என்பதால் யாரும் பேசுவதில்லை. நல்ல புல்வெளியின் ஓரத்தில் சீகை இப்போதுதான் கால் வைக்கிறது என்றால், கன்றுகளைக் கையால் வேரோடு பிடுங்கிவிடலாம். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது எளிதாக வரும். அங்கே புல் விதையும் வேரும் மண்ணிலேயே இருப்பதால் நிலம் தானாகவே ஆறிவிடும்.

மரம் முற்றிய இடத்தில் வேலை கடினம். பெரிய மரங்களைச் சாய்த்தோ, அடியில் பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்ற நிலையிலேயே காயவிட்டோ அகற்ற வேண்டும். பிறகு அந்த மலைக்குரிய கொத்துப் புற்களை நாற்றங்காலில் பெருக்கி நட வேண்டும். நல்ல புல்வெளியிலிருந்து விதை சேகரிப்பார்கள். சாலைப் பணிக்காகத் தோண்டப்படும் ஓரங்களில் கிடைக்கும் புல் தூர்களைப் பிரித்துப் பைகளில் வளர்ப்பார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் சரிவில் நடுவார்கள். நட்டதோடு முடியாது. ஒவ்வொரு ஆண்டும் சீகை நாற்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், மண்ணிலுள்ள விதை தீரும்வரை.

நடக்கக்கூடிய காரியம்தான் இது. மூணாறுக்கு அப்பால் ஆனமுடிச் சோலை தேசியப் பூங்காவுக்குள் பழத்தோட்டம் என்ற இடத்தில் 2019-இல் சீகைத் தோப்பு எரிந்துபோனது. கேரள வனத்துறை அங்குள்ள பழங்குடி மக்களோடு சேர்ந்து அந்தச் சரிவில் மலைப்புல்லை நட்டு வளர்த்தது. மறுபடி புல்வெளியானதைப் பார்க்க முடிகிறது.

சீகைக் காடு முழுவதையும் ஒரேயடியாக அகற்றிவிட வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. சோலையை ஒட்டிய பழைய தோப்புகள் சிலவற்றில், சீகை நிழலின் கீழே சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. பனியிலிருந்து அந்த நிழல் அவற்றைக் காக்கிறது. அங்கே போய் மொட்டையடித்தால் வருகிற சோலையையும் சேர்த்துக் கொன்றதாகும். கொடைக்கானல் பக்கம் இதுபற்றி உள்ளூர் இயற்கை ஆர்வலர்களுக்குள்ளேயே வலுவான விவாதம் உண்டு. எங்கள் கருத்து இது: ஒவ்வொரு சரிவையும் நடந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். முகட்டில், திறந்த சரிவில், வரையாட்டுப் பாறைகளுக்கு அருகில் இருந்தால் புல்லுக்கே முன்னுரிமை. சோலை விளிம்பில் இருந்தால் கன்றுகளுக்கு இடம் கொடுத்துச் சீகையை மெல்ல மெல்லக் குறைப்பது.

மலைவாழ் மக்கள் விறகுக்கு என்ன செய்வார்கள்?

நியாயமான கேள்வி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பல குடும்பங்களின் அடுப்பு சீகை விறகில்தான் எரிகிறது. குளிர்காலத்தில் அது வெறும் சமையல் எரிபொருள் மட்டுமல்ல. அகற்றும் மரத்தில் ஒரு பங்கு உள்ளூருக்குக் கிடைக்க வேண்டும், குடியிருப்பை ஒட்டிய தோப்புகளை விறகுக்கென்று விட்டுவைக்க வேண்டும், நாற்றங்கால் வேலையும் களை பிடுங்கும் வேலையும் அங்கிருப்பவர்களுக்கே போக வேண்டும். பல ஆண்டுகள் தொடர வேண்டிய வேலை என்பதால் வெளியூர் ஒப்பந்தக்காரரால் அது ஆகாது.

தோடர்களின் எருமைகள்தான் புல்வெளியைக் கெடுத்தன என்கிறார்களே?

தோடர்கள் நூற்றாண்டுகளாக இந்தப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள். வெள்ளைக்காரர்கள் வந்தபோது புல்வெளியும் இருந்தது, எருமையும் இருந்தது, வரையாடும் இருந்தது. புல் போனது தோப்பு போட்ட பிறகு. இன்று மேய்ச்சல் இழந்து தோடர்களின் எருமை மந்தைகளே சுருங்கிவிட்டன. கோயில் வேயத் தேவையான புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. மீட்புப் பணியில் எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்று முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

தீ வைப்பது சரியா?

சுற்றுலா வந்தவர் போடும் பீடித்துண்டுத் தீ எந்த வகையிலும் சரியல்ல. ஆனால் எல்லாத் தீயும் ஒன்றல்ல. வரையாடு நன்றாக வாழும் இரவிகுளத்தில் அங்குள்ள பழங்குடியினரான முதுவர்களின் துணையோடு குளிர்காலத்தில் சிறு சிறு பகுதியாகத் திட்டமிட்டு எரிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. முற்றிய புல் போய் இளம்புல் வரும். கோடையில் பெருந்தீ பரவாது. சீகை விதை மண்டிய இடத்தில் இதே தீ கேடு செய்யும் என்பதை மேலே சொல்லியிருக்கிறோம்.

அரசு என்ன செய்கிறது?

தமிழ்நாடு அரசு 2022-இல் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 25.14 கோடி ரூபாய். கணக்கெடுப்பு, ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்தி நடமாட்டத்தை அறிவது, முன்பு வாழ்ந்து மறைந்த மலைகளில் மறுபடி கொண்டுபோய் விடுவது, மேல்பவானிப் பகுதியில் புல்வெளி மீட்பு ஆகியவை அதில் அடக்கம். 1975-இல் வரையாட்டு வாழிடங்களை நடந்து கணக்கெடுத்த ஈ.ஆர்.சி. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையும் அதே 2022-இல் வந்தது.

கழுத்துப்பட்டை, ஆட்டை இடம்மாற்றுவது போன்றவை செய்தியில் வரும். எங்கள் பார்வையில் திட்டத்தின் உயிர் புல்வெளி மீட்பில்தான் இருக்கிறது. மேய இடமில்லாத மலையில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டு என்ன பயன்? அதோடு, ஐந்தாண்டு நிதியாண்டுக் கணக்கு சீகை விதைக்குத் தெரியாது. 2027-க்குப் பிறகும் நாற்றுப் பிடுங்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். இதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் கல்லூரியிலிருந்து உதகைக்கு வந்து ஆயிரம் மரக்கன்று நட விரும்புகிறோம். எங்கே நடலாம்?

புல்வெளியில் நடாதீர்கள். நாவலோ அத்தியோ, நல்ல நாட்டு மரமாகவே இருந்தாலும் நடாதீர்கள். உங்கள் ஆர்வம் உண்மையானது. அதை வனத்துறையும் உள்ளூர் மீட்புக் குழுக்களும் நடத்தும் சீகை நாற்று பிடுங்கும் முகாமுக்குக் கொடுங்கள். ஒரு நாளில் ஐம்பது பேர் பிடுங்கும் நாற்று, பத்தாண்டு கழித்து ஒரு தோப்பாக நின்றிருக்கும். மரம்தான் நட வேண்டும் என்றால், சிதைந்த மழைக்காடு இருக்கும் வால்பாறை போன்ற இடங்களில் முறையான பணி நடக்கிறது. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் தேயிலை நிறுவனங்களோடு சேர்ந்து, அந்தக் காட்டுக்கே உரிய நூற்றுக்கும் மேற்பட்ட மர இனங்களை நாற்றங்காலில் வளர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக நட்டு வருகிறார்கள். அது காடு இருந்த இடம். அங்கே மரம் பொருந்தும்.

அடுத்த முறை நீலக்குறிஞ்சி எப்போது பூக்கும்?

இரவிகுளம் பக்கம் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்தது 2030. பறிக்க வேண்டாம், விதை விழுந்தால்தான் அதற்கடுத்த பன்னிரண்டாண்டு உண்டு.

வால்பாறை மலைப்பாதையில் வரையாடுகள் சாலையோரம் நிற்கின்றன. ஏதாவது தின்னக் கொடுக்கலாமா?

கூடாது. ஆழியாறிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், குறிப்பாக ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பக்கம், அவை சாலைக்கு மிக அருகில் வரும். பிஸ்கட், பாப்கார்ன் கொடுத்துப் பழக்கினால் வண்டிகளை நெருங்கி அடிபடும், கவரோடு சேர்த்து விழுங்கும். வண்டியை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் போய்ப் படம் எடுப்பதும் வேண்டாம். குட்டி தாயைப் பிரிந்து பாறையில் தவறி விழக்கூடும்.

எப்போது போனால் நன்றாகப் பார்க்கலாம்?

இரவிகுளத்தின் ராஜமலைப் பகுதி எளிதான இடம். குட்டி ஈனும் பருவம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். ஏப்ரலில் திறந்ததும் குட்டிகளோடு பார்க்கலாம். முக்குருத்திக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போக முடியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கிளம்பும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் அடிபட்ட வரையாட்டைக் கண்டால்?

தொடாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், வண்டியில் ஏற்றாதீர்கள். இடத்தை, முடிந்தால் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்பதைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனத்துறைச் சோதனைச்சாவடியிலோ வனச்சரக அலுவலகத்திலோ சொல்லுங்கள். வளைவுக்கு முன்பும் பின்பும் ஒருவரை நிறுத்தி, வரும் வண்டிகளை மெதுவாகப் போகச் சொன்னால் போதும்.